அப்பாவுக்கு வந்திருப்பது அக்கி, யாரிடமிருந்தும் தொற்றியதல்ல

உங்கள் பதிவில் உள்ளதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை நோய் உண்டு. முந்தாநாள் வலப்பக்க மார்பில் தொடங்கி முதுகு வரை பட்டையாகக் கொப்புளங்கள், தாங்க முடியாத எரிச்சல். நேற்று பார்த்த மருத்துவர் சீட்டில் ‘ஹெர்பிஸ் ஜோஸ்டர்’ என்று எழுதி மாத்திரை கொடுத்திருக்கிறார். நீங்கள் ‘ஹெர்பிஸ்’ என்று தேட, பாலுறவால் பரவும் நோய் என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசவில்லை. அத்தை, மாத்திரை வேண்டாம், குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வரலாம் என்கிறார். மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. பத்து நாளில் வளைகாப்பு. ‘இது தொற்றுமா’ என்ற ஒரே கேள்வியாக நீங்கள் எழுதியிருந்தாலும், கேட்டிருப்பது இரண்டு: இது அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது, இனி வீட்டில் யாருக்குப் போகும். இரண்டுக்கும் விடை வேறு வேறு. குழப்பமெல்லாம் அவற்றை ஒன்றாக நினைப்பதில்தான் இருக்கிறது.

தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அப்பாவை நேரில் பார்க்கவில்லை. நீங்கள் விவரித்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். மருத்துவர் எழுதியதோடு அது முழுவதும் பொருந்துவதால் தயக்கமின்றிச் சொல்கிறேன்: பதிலின் மீதியைப் படிப்பதற்கு முன் அப்பாவுக்கு முதல் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். அக்கிக்கான வைரஸ் மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. அதில் இரண்டு நாள் போய்விட்டது. அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் குறை இருப்பதாக முன்பே யாராவது சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் சிறுநீர் வழியாக வெளியேறுபவை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இனி அம்மாவின் வருத்தத்துக்கு வருகிறேன். ஹெர்பிஸ் என்பது ஒரு வைரஸின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். மனிதர்களைத் தொற்றுபவை அந்தக் குடும்பத்தில் ஒன்பது இருக்கின்றன. காய்ச்சல் விட்ட பிறகு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருகிறதே, அது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. பிறப்புறுப்பில் வந்து பாலுறவால் பரவுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகையும் அங்கே வருவதுண்டு. அப்பாவிடம் இருப்பது வாரிசெல்லா ஜோஸ்டர். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் அதுதான். பூனையும் புலியும் ஒரே குடும்பம் என்பதற்காக வீட்டுப் பூனையைக் கண்டு யாரும் அலறுவதில்லை. மற்றவற்றில் எப்ஸ்டீன்–பார் வைரஸும் சைட்டோமெகலோ வைரஸும் நம் நாட்டில் பெரும்பாலோர் உடம்பில் சிறுவயதிலேயே ஓசையில்லாமல் குடியேறிவிடுகின்றன. கைக்குழந்தைகளுக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் மேலெல்லாம் சிவப்புப் பொரி வரவைப்பது இந்தக் குடும்பத்தில் ஆறாம் எண் கொண்ட வைரஸ். எட்டாவது, எச்.ஐ.வி. முற்றியவர்களுக்குக் கப்போசி சார்கோமா என்ற புற்றுநோயைத் தருவது. இவ்வளவு வேறுபட்ட நோய்களைத் தரும் இந்த ஒன்பதுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஒருமுறை உடம்புக்குள் வந்தால் வெளியே போவதில்லை.

அப்பா சிறுவயதில் சின்னம்மை கண்டு எழுந்திருப்பார். பாட்டி இருந்தால் எந்தப் பங்குனியில் வேப்பிலை கட்டினார்கள் என்பதைக்கூடச் சொல்வார். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் மறந்துபோன பிறகும் அந்த வைரஸ் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தன் மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பெருகுவதில்லை, வலியோ காய்ச்சலோ தருவதில்லை. நம் எதிர்ப்புச் செல்கள் காவல் காக்கும்வரை அப்படியே கிடக்கும். வயதாகிக் காவல் தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பு வழியே இறங்கித் தோலுக்கு வருகிறது. ஒரு நரம்பு எந்தத் தோல் பட்டைக்கு உரியதோ அங்கே மட்டும், உடம்பின் ஒரு பாதியில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல் கொப்புளம் வருவது அதனால்தான். கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் குத்தலும் எரிச்சலும் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்த வலியை மாரடைப்பு என்று நினைத்து இ.சி.ஜி. எடுத்துவிட்டு, மறுநாள் கொப்புளத்தோடு எங்களிடம் வந்தவர்கள் பலர்.

இது ஊகமல்ல. அக்கி கண்ட பெரியவர்களோடு இருந்த குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 1892-லேயே புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் யானோஷ் போகாய் கவனித்து எழுதினார். இரண்டும் ஒரே கிருமியின் வேலை என்பதை 1950-களில் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் வைரஸை வளர்த்துக் காட்டினார். எனக்கு இதில் மிகவும் பிடித்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்தவர். தன்னிடம் வரும் ஒவ்வோர் அக்கி நோயாளியையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் ஒன்றான யெல் வரைக்கும் போனார். ஜனம் குறைந்த அந்தத் தீவில் யார் யாரோடு பழகினார்கள் என்பதைத் தடம் பிடிக்க முடியும் என்பதற்காக. சின்னம்மை பருவம் பார்த்து அலை அலையாக வருகிறது, அக்கியோ ஊரில் அம்மையே இல்லாத காலத்திலும் ஆண்டு முழுவதும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வருகிறது என்று கண்டார். வெளியிலிருந்து தொற்றுவதாக இருந்தால் இப்படி இருக்காது; அக்கி உள்ளிருந்துதான் கிளம்புகிறது என்று 1965-ல் எழுதினார். 1984-ல், ஒரே நோயாளிக்கு முதலில் வந்த சின்னம்மையிலிருந்தும் பின்னர் வந்த அக்கியிலிருந்தும் எடுத்த வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றேதான் என்று நிறுவிவிட்டார்கள்.

ஆகவே அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: இந்த வைரஸ் அப்பாவிடம் வந்தபோது அவர் அரைக்கால் சட்டை போட்ட பையன். அதை யாரிடமிருந்தும் அவர் இப்போது வாங்கிக்கொண்டு வரவில்லை. இதையும் நீங்களே சொல்லிச் சமாளிக்க வேண்டாம், அம்மாவை அழைத்துக்கொண்டு போய் மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். எங்கள் பிரிவின் வாசல் பலகையில் ‘தோல்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘பால்வினை’ என்றும் இருந்ததால், அக்கிக்காகக் கணவரை அழைத்துவந்த பெண்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையத் தயங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் இரண்டு நிமிடம் செலவழித்தால் தீர்ந்துபோகிற விஷயம். அந்த இரண்டு நிமிடம் எங்கள் வெளிநோயாளர் கூட்டத்தில் பல நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறேன் என்று ஆய்வகத்துக்குப் போய் ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். உலகில் 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் உடம்பில் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலோருக்கு அது சிறுவயதில் வீட்டாரின் எச்சில் வழி வந்தது. அந்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். அப்பாவின் அக்கிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஆனால் அந்தக் காகிதம் உங்கள் வீட்டில் இன்னொரு சண்டையைத் தொடங்கி வைக்கும்.

ஏன் இப்போது வந்தது என்ற கேள்வியும் உங்களுக்கு எழும். வயதும் எதிர்ப்புச் சக்தி குறைவதும் காரணம் என்பது உறுதி. சர்க்கரை நோய் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. சர்க்கரை அளவை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மன உளைச்சலால் வந்தது என்பார்கள். நோயாளிகள் அடிக்கடி சொல்வது இது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஆகவே நான் ஆமென்றும் சொல்லமாட்டேன், இல்லையென்றும் சொல்லமாட்டேன். உடம்புச் சூடு என்ற விளக்கத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. சூடுதான் காரணம் என்றால் சித்திரையில் குவிந்து மார்கழியில் மறைய வேண்டும், அப்படி நடப்பதில்லை. இளம் வயதில், அல்லது ஒரே நேரத்தில் உடம்பின் பல இடங்களில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வோம். 64 வயதில் மார்பில் ஒரு பட்டை என்பது வயதாலேயே வரக்கூடியது. மருத்துவர் அந்தப் பரிசோதனையை எழுதினாலும் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

அத்தை சொன்னதைப் பற்றி. அக்கி எழுதும் வழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும். எரிச்சலில் துடிப்பவருக்கு அது ஆறுதல்தான். எழுதியதும் இறங்கிவிட்டது என்று ஊரில் பலர் சொல்வதும் பொய்யல்ல. அக்கி எதுவும் செய்யாவிட்டாலும் பத்து நாளில் பக்கு கட்டி, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டு கழுத்திலோ கையிலோ நசுங்கினால், அதன் நஞ்சு பட்ட இடத்தில் கோடு இழுத்தாற்போல் எரிந்து கொப்புளிக்கும். எட்டுக்கால் பூச்சி ஏறிவிட்டது, பல்லி எச்சம் பட்டுவிட்டது என்று சொல்லி அதையும் அக்கிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும், பெயர் மட்டும் எழுதியவருக்குப் போகும். என் கவலை இரண்டுதான்: உடைந்த கொப்புளத்தில் மண் சேர்ந்தால் சர்க்கரை நோயாளிக்குச் சீழ் பிடிக்கலாம், மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டு வந்தால் அந்த 72 மணி நேரம் போய்விடும். அத்தை மனம் கோணக்கூடாது என்றால், மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே, கொப்புளம் இல்லாத இடத்தில் ஒரு பொட்டு வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அக்கி இரண்டு பக்கமும் சுற்றிவந்து சேர்ந்தால் உயிர் போய்விடும் என்ற பயம் பல நாடுகளில் உண்டு. சாதாரண அக்கி நடுக்கோட்டையே தாண்டாது என்பதால் அது சுற்றிவருவதும் இல்லை. உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். தினமும் குளிக்கலாம், சோப்பு நுரையால் மெதுவாகக் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும்.

அப்பாவின் சீட்டில் இருப்பது அசைக்ளோவிராக இருந்தால் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வாலாசைக்ளோவிராக இருந்தால் 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாள் என்பது வழக்கமான அளவு. ஐந்து வேளை என்பதைப் பார்த்து மருந்துக் கடைக்காரரே தவறு என்று நினைத்து மூன்றாக்கிவிடுவதுண்டு. ஐந்து என்பது சரிதான். அசைக்ளோவிர் ஓர் அழகான மருந்து. வைரஸ் புகுந்த செல்லில் வைரஸின் நொதியே அதைத் தூண்டிவிட்டால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். நல்ல செல்களைப் பெரும்பாலும் தொடாது. அதை உருவாக்கிய குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு, மருந்துகளைத் திட்டமிட்டு வடிவமைத்த பணிக்காக 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் தெளிவாக இருங்கள். கொப்புளம் சீக்கிரம் காயும், முதல் சில வாரங்களின் வலி குறையும், இவை உறுதி. அக்கி ஆறிய பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியைத் தடுக்குமா என்றால், நிறுவப்படவில்லை. ஸ்டீராய்டு அதைத் தடுக்காது என்பது ஏறக்குறைய முடிவான விஷயம். சர்க்கரை உள்ளவருக்கு அது வேண்டவும் வேண்டாம்.

அந்த நீண்ட வலிதான் அக்கியின் உண்மையான கொடுமை. அக்கி கண்டவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். சட்டை உரசினாலே தீப்பட்டதுபோல் துள்ளுவார்கள். பார்ப்பதற்குத் தோலில் ஒன்றும் இருக்காது என்பதால் வீட்டார் நம்பமாட்டார்கள், ‘எல்லாம் ஆறிப்போச்சே’ என்பார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குப் போதாது. காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலிக்கான மருந்துகள் வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். இப்போதே வலியால் தூக்கம் கெடுகிறது என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை. அப்பாவுக்கு மார்பில் என்பதால் கண் ஆபத்து இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதில் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அதே அவசரம். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, கொப்புளம் உடம்பு முழுவதும் பரவினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, காய்ச்சலோடு கொப்புளத்தில் சீழ் வைத்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி, யாருக்குப் போகும். அப்பாவிடமிருந்து யாருக்கும் அக்கி தொற்றாது. ஆனால் சின்னம்மையே வராத, தடுப்பூசியும் போடாத ஒருவர் மேல் அந்தக் கொப்புள நீர் பட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். இதில் நம் ஊருக்கு உரிய ஒரு சங்கதி இருக்கிறது. குளிர் நாடுகளில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே அம்மை வந்துவிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வளர்ந்த பிறகும் வராமல் இருப்பவர்கள் அதிகம். எனவே உங்கள் மனைவிக்கு வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அவருடைய தாயாரிடம் இன்றே கேளுங்கள். வந்திருந்தால் மனைவிக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் பயமில்லை. வரவில்லை அல்லது நினைவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி வாரிசெல்லாவுக்கான ஐஜிஜி பரிசோதனை (ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது) மட்டும் எடுக்க வேண்டும். அதில் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று வந்து, அப்பாவின் கொப்புளத்தைத் தொட்டோ துணியைத் துவைத்தோ இருந்தால், பத்து நாளுக்குள் வாரிசெல்லா இம்யூனோகுளோபுலின் என்ற, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளை ஊசியாகப் போடலாம். அது எல்லா ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் வைரஸ் மாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு, மருத்துவர் முடிவு செய்வார். ஏழாம் மாதத்தில் குழந்தைக்கு ஊனம் வரும் என்ற பயம் ஏறக்குறைய இல்லை. அந்த ஆபத்து முதல் ஐந்து மாதங்களுக்கு உரியது. இப்போது பயப்பட வேண்டியது தாய்க்கு: கர்ப்பத்தில் சின்னம்மை நுரையீரலைத் தாக்கினால் மோசமாகலாம். சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது, கர்ப்பிணிக்குப் போடக் கூடாது; பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

அக்கிக்கே ஒரு தடுப்பூசி இருக்கிறது. உயிருள்ள வைரஸ் இல்லாதது, இந்தியாவில் 2023-லிருந்து கிடைக்கிறது, 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை. ஆய்வுகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் தடுத்தது. விலைதான் நடுத்தரக் குடும்பத்துக்குக் கசப்பு. அப்பாவுக்கு முழுவதும் ஆறிய பிறகு பேசிக்கொள்ளலாம், அம்மாவுக்கு இப்போதே யோசிக்கலாம். பழைய வகை அக்கித் தடுப்பூசி போட்டவர்களுக்கு மறதி நோய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்ததாக வேல்ஸ் நாட்டுப் பதிவுகளை வைத்து 2025-ல் ஓர் ஆய்வு வந்தது. பிறந்த தேதியை வைத்துத் தடுப்பூசிக்குத் தகுதி பிரித்திருந்ததால் நல்ல ஒப்பீடு அமைந்துவிட்டது. எனக்கும் ஆர்வமூட்டும் செய்திதான். ஆனாலும் அதற்காகவே ஊசி போடச் சொல்லும் அளவுக்கு இன்னும் உறுதியாகவில்லை.

வளைகாப்பு. அப்பாவின் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பக்கு கட்டிவிட்டால் அவர் வரலாம், ஆசீர்வதிக்கலாம். பத்து நாளில் பெரும்பாலும் கட்டிவிடும். ஒன்றிரண்டு ஈரமாக இருந்தாலும் துணி கட்டிச் சட்டை போட்டு, கைகழுவிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் மனைவிக்கு எதிர்ப்புப் பொருள் இல்லை என்று பரிசோதனையில் வந்து, அவர் அந்தக் கொப்புளத்தோடு பழகியும் இருந்தால் கணக்கு மாறுகிறது. சின்னம்மை வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றவும் செய்யும். நீங்கள் குறித்திருக்கும் தேதி சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. வளையல் போட வரும் பெண்களில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் இருப்பார்கள். அந்த நிலையில் விழாவை 21 நாள் கழியும்வரை, இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் 28 நாள் கழியும்வரை தள்ளிவைத்து, ஒன்பதாம் மாதத்தில் நடத்துங்கள்.